இரண்டாவது பொட்டலம்

எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்குப் பின்புறம் போகிற செங்கோட்டை ரயிலுக்கு, ஆளை ஏற்றி இறக்குவது போக இன்னொரு வேலையும் இருந்தது. அக்கா சொல்வதை ஒப்புக்கொள்வது.

அக்கா ஒரு பேச்சை முடிக்கிற சமயத்தில் ரயில் ஊதினால், கையிலிருக்கிற கத்தரிக்கோலை அந்தப் பக்கம் நீட்டி, "கேட்டியா, ஆமாங்கான்" என்பாள். ஊதாவிட்டால் அவள் சொன்னது பொய் என்று அர்த்தமில்லை. ரயில் லேட்டு என்று அர்த்தம். மத்தியான ரயில் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால்தான் அவள் தன் முக்கியமான அபிப்பிராயங்களை எடுத்துவிடுகிறாள் என்பதைக் கண்டுபிடித்து, அதை எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான். அவள் கோபப்படவில்லை. ரயிலுக்கு நேரம் குறிப்பது ரயில்வேக்காரன், அந்த நேரம் பார்த்துத் தன் வாயைத் திறந்துவிடுவது யார் என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். ராஜபாளையத்தில் தறியிலிருந்து இறங்கி, வெளுத்து, காய்ந்து எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிற வலைத்துணியை அகலம் அகலமாகக் கிழித்து ரோல் சுற்றி அனுப்புகிற கம்பெனி. அக்கா ரோலிங் மேசைக்குத் தலைமை. நான் அடுத்த அறையில் பேக்கிங். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் சொல்வார். பஞ்சுத் தூசி படிந்து படிந்து சாயங்காலம் அவள் தலை முழுக்க நரைத்திருக்கும். மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கறுப்புத் தலையோடு வருவாள். தினமும் ஒருமுறை கிழவியாகித் திரும்பி வருகிறவளுக்கு இந்த உலகத்தில் நடக்காதது என்று எதுவும் இல்லை என்று தோன்றியதில் தப்பில்லை.

பல்லியிலிருந்து பவர் கட் வரைக்கும் எல்லாமே அவளுக்கு யாரோ சொல்லி அனுப்பிய சேதி. கத்தரிக்கோல் விழுந்து நுனி தரையில் குத்தி நின்றால் ஒரு பலன், படுத்துவிட்டால் வேறு பலன். முதலாளி வீட்டு வெள்ளை நாய் கேட்டில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் ஆர்டர் வரும். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் அனுப்பிய சரக்கு திரும்பி வரும். நாய் நிழலைத் தேடி உட்காருகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். நிழலை அங்கே விழச் செய்தது யார் என்றாள். அதற்கு அப்புறம் நாய் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

ஒருநாள் என் தோளில் பல்லி விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டி, பல்லி விழும் பலனில் தோளைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா மேசையிலிருந்தே சொன்னாள்.

"அதப் பாக்காத தம்பி. காலண்டரு சிவகாசியில அடிக்கான். வெடிச் சத்தத்துல அங்க பல்லிக்கே காது கேக்காது. அது சொல்ற பலனு நம்மூருக்குச் சேராது."

அவளுடைய சாஸ்திரம் முழுக்க இதில் அடக்கம். அச்சடித்து எல்லோருக்கும் பொதுவாக வருகிற பலனை அவள் மதிக்க மாட்டாள். "அறிகுறிங்கிறது ரெடிமேடு சட்டை இல்ல. ஆளப் பாத்து அளவெடுத்துத் தச்சு அனுப்புறது" என்பாள். உனக்கு வந்தது உனக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரன் போட்டுப் பார்த்தால் அக்குளில் பிடிக்கும்.

இதற்கு ஒரு சாட்சியும் வைத்திருந்தாள். வெளுத்து வந்த துணியில் ஒரு துண்டு துருத்தண்ணி பட்டுக் கறையாகி இருந்தது. கிழித்துக் கழிவில் போடவேண்டியதை அக்கா இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சங்கு என்றாள். மறுநாள் அது மஞ்சள் குங்குமத்தோடு ரோலிங் அறைச் சுவரில் ஏறிவிட்டது. முதலாளி வந்து பார்த்தார். அவருக்கு அது அவர் வீட்டு நாய் படுத்திருப்பது போலத் தெரிந்ததால் கண்டிக்க மனம் வராமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் சுத்தம் பார்க்கிற அதிகாரி வந்தார். தூசியே இருக்கக்கூடாத அறையின் சுவரில் ஒரு கறைத்துணி, அதற்குக் குங்குமம் வேறு. முதலாளியின் நெற்றியில் வேர்வை நாமம் போட்டது. இது என்ன என்று அதிகாரி கேட்டார். நீங்களே பாத்துச் சொல்லுங்க சார் என்றாள் அக்கா. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"சக்கரம் மாதிரில்லா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு, சங்கு எப்படிச் சக்கரமானது என்று நான் மடக்கினேன். "அவியளுக்குச் சக்கரந்தான் வேண்டியிருக்கு. அதான் அது வந்திருக்கு" என்றாள். எனக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று கேட்டாள். டீக் கறை என்றேன். உனக்கு இப்ப டீதான் வேண்டியிருக்கு, போய்க் குடி என்று அனுப்பிவைத்தாள். கேலி செய்கிறவனுக்கு இருபத்தொன்பது வயதில் இருக்கிற தைரியம் தனி. வயிறு நன்றாக இருக்கிறவரைக்கும்தான் அது என்பது அப்போது தெரியாது.

துணிப் பேல் தூக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்தது. படுத்தால் உள்ளே போனது, இருமினால் வெளியே வந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார், ஆபரேஷன் என்றார். மாத்திரை இல்லையா என்றேன். குடல் தானாக வெளியே வந்திருக்கிறது, மாத்திரை போய்க் கூப்பிட்டால் உள்ளே வராது என்றார். அவர் மேசையில் எங்கள் கம்பெனி பேண்டேஜ் ரோல் ஒன்று இருந்தது. நான் என் கையால் பேக் செய்தது. அனுப்பின துணியெல்லாம் ஒருநாள் நம்மைத் தேடி வரும் என்று மனதில் ஓடியது. அந்த இடத்திலேயே எனக்கு மயக்கம் வந்துவிட்டது. நான் பேக் செய்த துணியை விரித்தால் செங்கோட்டை போய்த் திரும்பும். அதில் என் வயிற்றில் சுற்றப்போகிற இரண்டு முழத்துக்குத்தான் நான் மயங்கியது.

அன்றிலிருந்து எனக்கும் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கிழித்து. முடி வெட்டுகிறவர், நடுவில் வகிடு எடுக்கவா ஓரமாக எடுக்கவா என்று கேட்டபோது எனக்கு வயிற்றில் கோடு போட்ட மாதிரி இருந்தது. கூமாப்பட்டி ரோட்டில் தினமும் போகிற எருமைகள்தான், ஆனால் அன்று அதில் ஒன்று நின்று என்னைப் பார்த்தது. கம்பெனிக்கு வந்தால் சுவரில் அந்தக் கறை. சங்குமில்லை, சக்கரமுமில்லை. சாட்சாத் குடல்.

வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் அக்காவுக்கு எப்படியோ ஆண்டாள் கிளி ஒன்று கிடைத்திருந்தது. கோவிலில் தினமும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டி ஆண்டாள் கையில் வைக்கிற கிளி. பிறகு யாராவது ஒரு பக்தருக்குக் கொடுப்பார்கள். அக்கா அதைக் கறைத்துணிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் மேசை முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கிளி தலையக் கவுந்திருச்சு. இங்க யாரோ ஒருத்தரு எதையோ மறைக்கிறீக."

மூன்று நாளான இலை கவிழாமல் என்ன செய்யும் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. மேசையில் ஐந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண், போன மாதம் காணாமல் போன கத்தரிக்கோல் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று அழுதாள். வாட்ச்மேன் முதலாளி வீட்டு நாய்க்கு வைக்கிற பாலைத் தான் குடித்துவந்ததை ஒப்புக்கொண்டார். நான் பேக்கிங் அறை வாசலில் நின்று, எனக்குக் குடல் இறங்கிவிட்டது என்று அலறினேன். பன்னிரண்டு பெண்கள் முன்னால்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சொல்வது டாக்டர் சொல்வது, நாம் கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சன்னதியில் வைத்து, விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்லவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கேட்கிறவன் கையால் கட்டவேண்டும் என்பது அக்கா சேர்த்த உபசட்டம்.

என் கையால். இந்த இடத்தில்தான் அக்கா தப்புச் செய்தாள்.

பஞ்சு ரோல் சுற்றுகிற நீலத்தாளில் இரண்டு சதுரம் வெட்டினேன். கம்பெனி வேலியில் செவ்வரளி பறித்தேன், கிணற்றடியில் நந்தியாவட்டை பறித்தேன். பேக்கிங் அறையில் யாருமில்லை. என் கை என்னைக் கேட்காமல் இரண்டு தாளிலும் செவ்வரளியை வைத்தது. வலைத்துணியின் ஓர நூலால் கட்டியது. நந்தியாவட்டையைத் தூக்குச்சட்டியில் ஒளித்தது. (ராத்திரி சட்டி கழுவ எடுத்த மனைவி, தனக்காகக் கொண்டுவந்ததாக நினைத்து அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். இந்த விவகாரத்தில் முழுசாகச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான்.)

வெள்ளிக்கிழமை கோவிலில், முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்க வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரரை அக்கா பிடித்தாள். மஞ்சள் தடவின பத்திரிகைக் கட்டோடு அவர் தயங்கினார். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் தன் மகள் கல்யாணத்தைப் பாதிக்குமா என்று கேட்டார். பாதிக்காது என்று நான் முந்திக்கொண்டு உறுதி சொன்னேன். அந்தக் கோவிலிலேயே அன்று என்னளவுக்கு நிச்சயமாக இருந்தவன் வேறு யாருமில்லை. அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தால் சிவப்பு.

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். நாடகத்தில் நடித்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள். "சரிக்கா, ஆத்தா வேண்டாங்கா. மீறி என்ன செய்ய" என்றேன்.

அக்கா பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் பூவைப் பார்த்தாள்.

"ஊருக்குத்தாண்டா சிவப்பு வேண்டாங்கிறது. உனக்கு வேற. நீ பேண்டேஜுக்காரன். காலையில இருந்து பொழுசாயற வரைக்கும் வெள்ளையத்தான் பாக்க. உனக்கு வெள்ளை வந்தா, இருக்கிறபடியே இருன்னு அர்த்தம். சிவப்புன்னா ரத்தம். போயிக் கிழிச்சுட்டு வான்னு ஆத்தா சொல்லுதா."

இரண்டிலும் சிவப்புத்தான் வைத்தேன் என்று சொன்னால் மாரியம்மன் சன்னதியிலேயே பித்தலாட்டம் செய்தவன். சொல்லாவிட்டால் வயிற்றைக் கிழிப்பார்கள். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் சிவப்பு. நான் கட்டிய பொட்டலத்துக்குள் நானே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அக்கா முந்திக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் கேட்டதற்கே மதிப்பில்லை என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாண வீட்டுக்காரர் இதெல்லாம் நல்லதா கெட்டதா என்று கேட்டார். உமக்கு நல்லது என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. செத்துப்போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தாள், ஓரத்தைத் தடவினாள். "பிசிறடிக்குது. நம்ம துணி இல்ல" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, ஒரு சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனாள்.

வயிறு ஆறிவிட்டது. அந்தப் பொட்டலம்தான் ஆறவில்லை. அவள் பிரித்துப் பார்த்தாளா? மூத்தவளை ஏமாற்றினேன், சரி. அம்மனையும் ஏமாற்றினேன், அதுவும் போகட்டும். ஏமாற்றியும் தோற்றவன் என்பது தெரிந்துபோனால் பேக்கிங் அறையில் எப்படி நிற்பது? அவள் எப்போதாவது "யாரோ மறைக்காக" என்று சொன்னால் என் முதுகு தானாக நிமிரும். பத்து வருஷத்துக்கு மேல் அப்படி நிமிர்ந்தே நின்றதில் எனக்குக் கூன் விழவில்லை. அது ஒரு லாபம்.

தொண்ணூறுகளில் அக்கா மெலிந்தாள். நின்று ரோல் சுற்றுகிறவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் விழுந்தால் குனிந்து பலன் பார்க்கவில்லை, எடுத்துத்தரச் சொன்னாள். ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து பேல் மேல் உட்கார்ந்தாள். வயிற்றில் கட்டி, மதுரைக்குப் போய் எடுக்கவேண்டும் என்கிறார்கள், நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது எடுத்தபிறகுதான் தெரியுமாம் என்று ரோல் எண்ணிக்கை சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லி முடிக்கவும் ரயில் ஊதியது. நீளமாக ஊதியது.

அக்கா "கேட்டியா" என்று சொல்லவில்லை. ரயில் ஊதியது அவள் காதில் விழவே இல்லை.

பயப்படுவதில் அந்தக் கம்பெனியில் நான்தான் சீனியர். வேறொருவர் முகத்தில் அது வந்து உட்கார்ந்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

"செய்யத்தானே வேணும்க்கா" என்றேன்.

"செய்யணும். ஆனா காலு நகர மாட்டேங்குதே. பூக்கட்டிப் பாத்துட்டுப் போயிருதேன்." நீலத்தாள் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். "நீயே கட்டு."

"கேக்கிறவிய கையாலதான கட்டணும்?"

"என் கை நடுங்குது. அன்னைக்கு நீ கட்டுனியே, அதே மாதிரி கட்டு." எழுந்து வாசல் வரைக்கும் போனாள். திரும்பாமலே சொன்னாள். "கலரு மட்டும் மாத்திக்கோ."

பத்து வருஷத்து நிமிர்ந்த முதுகு ஒரு நொடியில் இறங்கிவிட்டது. அந்த நேரத்திலும் ஒரு சட்டப் பிரச்சினையைத்தான் கிளப்பினேன். பேண்டேஜுக்காரனுக்கு வெள்ளை வந்தால் இருக்கிறபடியே இரு என்று அர்த்தம் என்றீர்களே, நீங்களும் பேண்டேஜுக்காரிதானே என்று கேட்டேன்.

"அது உனக்குத் தச்சது. அத நான் எப்படிப் போடுறது?" என்றாள்.

நந்தியாவட்டை இரண்டு பறித்தேன். நீலத்தாள், ஓர நூல், எல்லாம் அதேதான். அதே மாரியம்மன் சன்னதி. அன்று பார்த்து அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஆளும் வரவில்லை. வந்திருந்தால் பிடித்திருப்போம். நீயே எடு என்றாள் அக்கா. கட்டினவன் எடுப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. அவள் கண்ணை மூடி, கைகூப்பி, உதடு அசைய நின்றாள். அவளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி இல்லை. ஒன்றுமே தெரியாமல், என்ன வருமோ என்று நிற்கிறவள் மாதிரி இருந்தாள்.

நான் கையை நீட்டினேன். இரண்டிலும் வெள்ளை. வைத்தவன் நான், கட்டியவன் நான். அப்படியும் என் விரல் இடது பொட்டலத்துக்குப் போய், வலதுக்குப் போய், திரும்ப இடதுக்கு வந்தது. சிவப்பு வந்துவிட்டால்? இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. என் குடலுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

பிரித்தேன். வெள்ளை.

அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொல்லிட்டா பாத்தியா" என்றாள். நான் தலையாட்டினேன், ஏனென்றால் எனக்கும் அம்மன் சொன்ன மாதிரிதான் இருந்தது. இரண்டாவது பொட்டலத்தை அவள் முன்போலவே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மதுரைக்கு அதோடுதான் போனாள். எடுத்தது நல்ல கட்டி. நான் பார்க்கப் போனபோது தன் வயிற்றுக் கட்டைத் தானே தூக்கிப் பார்த்து ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிசிறில்லாமல் இருந்தது. எந்த ஊர்த் துணி என்று நர்ஸிடம் விசாரித்து, நம் ஊர்தான் என்று தெரிந்துகொண்டு அந்த வார்டுக்கே சொல்லிவைத்திருந்தாள். கிளம்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து நீலப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது உன்னுது. பிரிச்சிராத."

அது இப்போது என் பீரோவில் இருக்கிறது. போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது மனைவி எடுத்து நூலை இழுக்கப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கியதில் ஸ்டூல் சரிந்தது. உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளைப் பூ, நானே வைத்துக் கட்டியது என்றேன்.

"அதான் தெரியுதுல்ல. பொறவு பிரிச்சா என்னவாம்?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.